உள்ளே இரண்டு விரல் துணி

பிப்ரவரி 22, புதன். லெந்து ஆரம்பம்

இது போன வருஷத்து ஆர்டர் நோட்டு. பின்னால் நாற்பது தாள் சும்மா கிடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாளும் நாற்பது. வாயால் சொல்ல முடியாததை இதிலாவது எழுதி வைக்கிறேன்.

இடது மார்பில் ஒரு கட்டி. போன சனிக்கிழமை குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. தானாகப் போய்விடும் என்று நாலு நாள் பார்த்தேன். போகவில்லை. இன்று டேப்பை வைத்து அளந்தேன். முக்கால் அங்குலம். இந்தத் தயாபுரத்தில் நான் மாரளவு எடுக்காத பெண் கிடையாது. எனக்கு நானே எடுத்த முதல் அளவு இது.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ‘ஐயோ எப்சி, ஐயோ பாவம் எப்சி’ என்று வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். அந்த ஐயோவைக் கேட்பதற்குக் கட்டியே தேவலை. என் வீட்டுக்காரர், ரூபன் அப்பா, போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாக நானும் தையல் மிஷினுமாக இருக்கிறோம். ஒருத்தரிடமும் ஒரு டம்ளர் சீனி கேட்டதில்லை. மகன் ரூபனிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவான்.

காலையில் கோயிலுக்குப் போனேன். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்லுவோம்) தாழ்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். முன்னால் இருந்த பியூலாவுக்கு ஜாக்கெட் கழுத்துப் பட்டி மடங்கிக் கிடந்தது. பிரசங்கம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முப்பத்தோரு ஜாக்கெட் வந்து சேர்ந்திருக்கிறது. நாளைக்கு வெட்ட ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 25, சனி

லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். டாக்டரம்மாவுக்கு ரூபனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தாள். “கூட யாரும் வரலையாம்மா?” என்று இரண்டு தரம் கேட்டாள். அவரவருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் தாயி என்று சொன்னேன். பத்து நாளில் முடிவு தெரியுமாம்.

பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று திரும்புகிற வழியில் இரண்டு மீட்டர் லைனிங் வாங்கினேன்.

மார்ச் 1, புதன்

இன்று நான் செய்த காரியத்தை நானே நம்ப மாட்டேன். பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். பதினோரு வருஷம் கழித்து.

போகாததற்குக் காரணம் தங்கபுஷ்பம். அவள்தான் கூட்டத்தை நடத்துகிறவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒரு காலத்தில் நான் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள்தான். அவள், “எப்சி கையில துணி குடுத்தா மிச்சம் திரும்பி வராது” என்று கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு. அவள் துணியை நான் தைப்பதும் நின்றது. இதெல்லாம் ஜெபக்கூட்டமா, ஊர்வம்புக் கூட்டமா என்று நானும் சொல்லாத இடம் இல்லை.

லெந்து நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைச் சுற்றி விடுவார்கள். ஜெபிக்கவேண்டிய காரியத்தைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் போடக் கூடாது. தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாக வாசிப்பாள், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுதலாமா வேண்டாமா என்று காலையெல்லாம் குழப்பம். கடைசியில் எழுதினேன். என் கையெழுத்து ஊருக்கே தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். எலி ஓடின மாதிரி வந்தது. அளவுச் சீட்டுக்குச் செய்கிற வழக்கம்போல் காலண்டர் தாளைப் பாதியாகக் கிழித்து, பின்பக்கத்தில்: ‘ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி. நல்ல முடிவு வர ஜெபிக்கவும். பயமாக இருக்கிறது.’ பழக்கதோஷம், மூலையில் தேதியைப் போட்டு இரண்டு கோடு இழுத்துவிட்டேன், துணி மூட்டைக்குப் போடுகிற மாதிரி. மடித்துக் குண்டூசி குத்திக் கொண்டுபோய்ப் போட்டேன். நான் என்று பிசாசுக்குக்கூடத் தெரியாது.

தங்கபுஷ்பம் என் சீட்டைப் பிரித்தாள். வாசித்தாள். ‘நல்ல முடிவு வர ஜெபிக்கவும்’ என்பதோடு நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பயமாக இருக்கிறது என்ற வரியை விட்டுவிட்டாள். கண்ணாடி மாற்ற வேண்டும் அவள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். மனுஷி அதைத்தானா விழுங்குவாள்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து பெண்கள் அந்தச் சீட்டுக்காக அழுதார்கள். சும்மா மூக்கை உறிஞ்சுவது இல்லை. அழுகை. யாரோ ஒருத்திக்காக இப்படியும் அழுவார்களா?

மார்ச் 4, சனி

பியூலா வந்தாள். “எப்சியக்கா, எனக்கு இந்த ஈஸ்டருக்கு ஜாக்கெட் வேண்டாம். துணியக் குடுத்துருங்க.”

“ஏன்ளா? போன வாரந்தான அளவு குடுத்த?”

“சும்மாதான் அக்கா. இருக்கத உடுத்திக்கிடலாம்னு.”

ஈஸ்டருக்குப் புது உடுப்பு வேண்டாம் என்கிற பெண்ணை நான் இந்த ஊரில் கண்டதில்லை. போகிறபோது பத்து முட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். லெந்து நாளில் அவர்கள் வீட்டில் முட்டை தின்ன மாட்டார்களாம், கோழிக்கு அது தெரியவில்லையாம், வீணாகப் போகிறதாம்.

மார்ச் 6, திங்கள்

இன்றைக்கு ஒரே நாளில் ஒன்பது பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐயரம்மாகூட! முகத்தைப் பார்த்துப் பேசக்கூட ஒருத்திக்கும் வரவில்லை.

எனக்கு இப்போது விளங்கிவிட்டது. பஜாரில் புதிதாக ஒருவன் கடை போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் டிசைன், கழுத்தில் ஜன்னல் வைத்துத் தைக்கிறானாம். முப்பது வருஷம் இவர்களுக்கு நான் உழைத்தேன். ஒவ்வொருத்திக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பேன். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் அல்லவா? அவன் விடுவானா? அரை விரல் விட மாட்டான். போகட்டும். போய்ப் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மூலைவீட்டு டார்கஸ் தண்ணீர்க் குடத்தை எடுத்து என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், மூன்று நாளாக. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் அதிகமாக வருகிறதாம். தயாபுரத்தில் தண்ணீர் அதிகமாக வருகிறதாம்! கேட்டீர்களா கதையை?

மார்ச் 7, செவ்வாய்

அதுதான்.

மார்ச் 8, புதன்

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை. புற்றுதான். ஆரம்ப நிலை, பயப்பட வேண்டாம், எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறாள் டாக்டரம்மா. மார்பையே எடுக்க வேண்டும். 23ஆம் தேதி ஆப்பரேஷன், முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும், கையெழுத்துப் போட ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் தொட மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

யாரைக் கூப்பிட? ரூபனைக் கூப்பிட்டால் வேலை போகும். ஊரில் யாரையாவது கேட்டால் நான் கேட்டதாக ஆகிவிடும். ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறேன். தள்ளினால் அது காத்திருக்காது என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது சீட்டுப் போட்டேன். அதே இடது கை. ‘அதே சகோதரிக்கு 23ஆம் தேதி ஆப்பரேஷன். துணைக்கு ஆள் இல்லை.’ தங்கபுஷ்பம் வாசித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

தங்கபுஷ்பம் என் வீட்டு வாசலில்! பதினோரு வருஷத்துக்கு அப்புறம். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“எப்சி, ஒரு ஒத்தாசை செய்வியா? எனக்கு மூட்டு பொறுக்க முடியல. இருபத்திரெண்டாந்தேதி திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காவ. நாலஞ்சு நாள் இருக்கணும் போல. தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வாரியா?”

அதே தேதி. அதே ஆஸ்பத்திரி. கர்த்தர் என்னமாய்க் கோர்த்துவிடுகிறார்! நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. சரி, கேட்டுட்டிய, வாரேன்” என்று சொன்னேன். பாவம், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒருத்தருக்கு ஒத்தாசை செய்வதில் எனக்கும் சந்தோஷம்தான்.

தலைக்கு மேல் வேலை என்றேனே, அலமாரியில் ஒரு ஜாக்கெட் துணிகூட இல்லை. முப்பத்தொன்றும் போய்விட்டது.

மார்ச் 22, புதன். ஆஸ்பத்திரியில்

பஸ்ஸிலேயே விஷயத்தைச் சொன்னேன். எனக்கும் ஒரு சின்ன ஆப்பரேஷன் இருக்கிறது, நீங்கள் வருகிற நாளாகப் பார்த்து அமைந்துவிட்டது என்று. தங்கபுஷ்பம் வாயில் கையை வைத்து, “ஆத்தாடி!” என்றாள். ஆச்சரியப்படுகிறாளாம். இவளுக்கு நடிப்பே வராது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம்கூட இவளுக்குக் கொடுக்க மாட்டார்கள். அப்போதே எனக்கு எதுவோ உறுத்தியது. கேட்கவில்லை.

ஃபாரத்தில் ‘நோயாளிக்கு உறவு’ என்று ஒரு கட்டம். என்ன எழுதுவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சகோதரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கக்கூட இல்லை.

சாயங்காலம் எனக்கு மனது தாங்கவில்லை. நாளைக்கு மேஜையில் ஏறினால் இறங்குவேனோ என்னவோ. “யக்கா” என்று கூப்பிட்டேன். பதினோரு வருஷமாக வாயில் வராத சொல். “உங்க ரோஸ் துணி. முக்கால் மீட்டர் மிஞ்சிச்சு. நான்தான் எடுத்துக்கிட்டேன். கிணத்தடியில நீங்க சொன்னது நெசந்தான்.”

“தெரியும்ளா.”

“எப்படி?”

“உன் மவன் பள்ளிக்கூடத்துப் பையில உள்பக்கம் ரோஸாத்தான இருந்துச்சு? தெனமும் என் வீட்டு வழியாத்தான போவான்.” பிறகு, “நாலு பேரு முன்னால சொன்னதுக்கு நான் பதினோரு வருசமா ஜெபிக்கேன். கர்த்தர் மன்னிச்சிட்டாரு. ஒன்கிட்ட கேக்கத்தான் வாய் வரல” என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

தூங்கும் முன்னால் என் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். இரண்டே வரி. “ஆண்டவரே, இவளைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இவ வாய் மட்டும் இருந்தபடியே இருக்கட்டும்.”

மார்ச் 25, சனி

எடுத்துவிட்டார்கள். கட்டியை மட்டும் இல்லை.

மார்ச் 28, செவ்வாய்

தங்கபுஷ்பம் ஆறு நாளாகத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். என்னைத் துடைக்கிறாள், தலை பின்னுகிறாள், கட்டுக்குள்ளிருந்து வருகிற குழாயைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறாள். மூட்டு டாக்டரை இன்னும் பார்க்கவில்லை. கேட்டால் டாக்டர் லீவு என்கிறாள்.

காலையும் மாலையும் ஊரிலிருந்து முறை வைத்த மாதிரி ஒருத்தி வருகிறாள். டார்கஸ் ரசம் கொண்டுவந்தாள். ஐயரம்மா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். எல்லாரும் ‘இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தோம்’ என்கிறார்கள். தயாபுரத்துக்கே திருநெல்வேலியில் திடீரென்று என்ன சோலி? ஒருத்தியும் ஐயோ என்று சொல்லவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இருந்தாலும் ஜாக்கெட் விஷயம் எனக்கு ஆறவில்லை. ரசம் கொடுத்துவிட்டால் ஆச்சா? “முப்பது வருசம் தச்சவளை விட்டுட்டு ஜன்னல் கழுத்துக்காரன்கிட்ட ஓடிட்டாளுவ பாருங்க” என்று சொன்னேன். தங்கபுஷ்பம், “இப்ப அது எதுக்கு, கஞ்சியக் குடி” என்றாள்.

ஏப்ரல் 1, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. வீடு பெருக்கிக் கிடக்கிறது. மிஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். சாவி யார் கொடுத்தது?

ரூபனிடம் போனில் எல்லாம் சொன்னேன். அழுதான், கோபப்பட்டான். பிறகு, “கூட யாரும்மா இருந்தா?” என்றான். “எல்லாரும்” என்றேன்.

ஏப்ரல் 6, வியாழன்

என் பழைய ஜாக்கெட் ஒன்றும் சேரவில்லை. இடது பக்கம் தொளதொளவென்று தொங்குகிறது. கண்ணாடி முன்னால் நின்று அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே உடம்புக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தவள் நான். பெரிய வெள்ளிக்கும் போகவேண்டாம், ஈஸ்டருக்கும் போகவேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மத்தியானம் வாசல்படியில் ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளை ஜாக்கெட். முன்னால் பட்டன், கை தூக்காமலே போடலாம். இடது பக்கத்துக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறது. கையாலேயே தைத்த தையல். ஒரே கோணல், கைக்குழி தப்பு, பட்டனுக்குக் காஜா எடுத்தவளைக் கட்டி வைத்து அடிக்கலாம். தையல் தெரியாத நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன்.

போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. உள்ளே மடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் துணி விட்டிருந்தது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பியூலா புருஷன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், இந்தப் பக்கம்தான் வந்தானாம்.

கோயிலுக்குள்ளே ஆண்கள் பக்கம் முழுக்கப் புதுச் சட்டை, மடிப்புக் கோடு கலையாமல். பிள்ளைகளும் பளபளவென்று. நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜன்னல் கழுத்துகளில் ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடிப்பது என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

முதலில் பியூலாவின் முதுகு கண்ணில் பட்டது. பச்சை ஜாக்கெட். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தைத்தது. பக்கத்தில் டார்கஸ், நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அது அவள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான் தைத்தது. ஐயரம்மாவின் மஞ்சள், போன கிறிஸ்துமஸ். கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். எல்லாம் என் தையல். வரிசை வரிசையாக, பழைய ஜாக்கெட், சாயம் போன ஜாக்கெட், பக்கத்தைப் பிரித்துவிட்ட ஜாக்கெட். ஈஸ்டர் அன்றைக்கு, முப்பத்தோரு பெண்களும்.

ஒருத்தியும் பஜாருக்குப் போகவில்லை.

முன்வரிசையில் தங்கபுஷ்பம். ரோஸ் ஜாக்கெட். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சண்டைக்கு முந்தின வாரம் நான் தைத்துக் கொடுத்தது. உடம்பு போட்டுவிட்டாள். உள்ளே நான் விட்டிருந்த இரண்டு விரலையும் பிரித்து, கறுப்பு நூலால் தானே தைத்திருந்தாள். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி இன்னும் புதுசாக, நல்ல ரோஸாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. சத்தம் போட்டு அழுதுவிட்டேன். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினார்கள்.

வெளியே வந்து தங்கபுஷ்பத்தைப் பிடித்துக்கொண்டேன். “யக்கா, எப்பத்துல இருந்து தெரியும்?”

அவள் வேதப்புத்தகத்தைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். காலண்டர் தாள், பாதியாகக் கிழித்தது. மூலையில் தேதி, கீழே இரண்டு கோடு. நடுவில் ஓட்டை.

“எடக்கையால எழுதுனியாக்கும்? குண்டூசிய எந்தக் கையால குத்துன?” என்றாள். “டப்பாவத் தொறந்ததுமே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஈஸ்டருக்கு முப்பத்தோரு ஜாக்கெட் கிடந்தா நீ ஆப்பரேசனுக்குப் போவியா? தச்சு முடிச்சிட்டுத்தான் சாவ. அதான் வாங்கிட்டோம். துணி எல்லாம் என் பீரோவுலதான் இருக்கு. கை சரியானதும் எடுத்துக்க.”

“அந்தக் கடைசி வரியை ஏன் வாசிக்கல?”

அவள் காகிதத்தை மடித்து அதே இடத்தில் வைத்தாள்.

“நீ யார்கிட்டயும் பயம்னு சொன்னதில்லையே எப்சி. ஊரு முன்னால அத எப்படி வாசிக்க? அத நான் மட்டும் வச்சு ஜெபிச்சேன்.”

ஏப்ரல் 12, புதன்

ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். லெந்து முடிந்தாலும் டப்பா சுற்றிவந்தது. தங்கபுஷ்பம் அதை என் மடியில் வைத்து, “கண்ணாடி மாத்தணும், நீ வாசி” என்றாள். புதுக் கண்ணாடிதான் போட்டிருந்தாள்.

நாலாவது சீட்டைப் பிரித்தேன். கோடு போட்ட தாள், ஓரத்தில் மஞ்சள் கறை. யார் எழுதியது என்று உடனே தெரிந்தது. இங்கேயும் பெயரை எழுத மாட்டேன். மூன்று வரி இருந்தது. இரண்டை வாசித்தேன். மூன்றாவது வரி ‘வெட்கமாக இருக்கிறது’ என்று இருந்தது. அதை வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சீட்டு இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். பியூலா கொடுத்த முட்டையில் ஆறு மிச்சம் இருந்தால் வசதியாக இருந்திருக்கும், தின்று தீர்த்துவிட்டேன். என்ன சாக்குச் சொல்லிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.